மார்கழியில் கதவு தட்டியவர்

ஜாதவ்பூரில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் காலனி. மூலையில் டீக்கடைக்கு எதிரே ஒரு தியாகிக் கல் நிற்கிறது. வெள்ளை ஓடு பதித்த தூண், அதில் தபன் என்று ஒரு பையனின் பெயர். எழுபதாம் வருஷம் பையன்கள் ஆயுதம் எடுத்த கலகத்தில் போலீஸ் சுட்டுச் செத்தவன். முதலில் அவனுடைய கூட்டாளிகள் மட்டும்தான் ஒளிந்து ஒளிந்து மாலை போட்டார்களாம். அப்புறம் ஆட்சிக்கு வந்தவர்கள் மேளம் கொட்டிப் போட்டார்கள். அவர்கள் போய் இப்போது வந்திருப்பவர்களும் போடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது அவனைக் கண்டு நடுங்கியவர்களுக்கெல்லாம், செத்த பிறகு அவன் வேண்டியிருக்கிறான்.

பக்கத்து வீட்டு நீலாவதி அத்தை அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் பால் வாங்கப் போக வேண்டும். அவருடைய வீட்டுக்காரரைக் குத்திக் கொன்றவன் அந்தத் தபன்தான்.

வீட்டுக்காரர் பெயர் பரமசிவம். தென்காசிப் பக்கம். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். அப்போது இந்தக் காலனியில் சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஒருவர் வீட்டு முன்னறையில் முருகன் படம் வைத்து, மார்கழி முழுக்க விடியுமுன்னே பஜனை நடக்கும். ஆட்களை எழுப்புகிற வேலையை மாமா தானாக எடுத்துக்கொண்டார். சால்வை போர்த்தி, மஃப்ளரை முகத்தோடு சுற்றிக்கொண்டு, பனிமூட்டத்தில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று கதவை மெல்லத் தட்டுவார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பக்கத்து வங்காளிகளின் தூக்கம் கெடுமே என்று அவ்வளவு இங்கிதம்.

போலீஸ் வருவதும் அதே நேரத்தில்தான். சந்தின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, வீடு வீடாகப் புகுந்து பையன்களை இழுத்துப்போவார்கள். ஒரு விடியலில் அப்படிப் போன பையன்கள் திரும்பவில்லை. வீட்டைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவர்களுடைய கூட்டாளிகள் தேடினார்கள். முகத்தை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல், வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிற ஒரு மதராஸி கண்ணில் பட்டார். வேறு என்ன சாட்சி வேண்டும்? குளத்துப் படியில் கிடந்தவரின் சட்டைப் பையில் ஜால்ரா இருந்தது. அடுத்த வாரமே தபனைப் போலீஸ் சுட்டுவிட்டது. யார் பழி யாரைச் சேரும் என்று ஆண்டவன்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அத்தைக்கு அப்போது கைக்குழந்தை. ரயில்வே கருணை பார்த்து ஆபீசில் தண்ணீர் கொடுக்கிற வேலை கொடுத்தது. ஆனால் ஊர் வேறு ஒன்று கொடுத்தது. போலீசுக்கு ஆள்காட்டி வேலை பார்ப்பவனை இங்கே கொச்சோர் என்பார்கள். அத்தை கொச்சோரின் பெண்டாட்டி ஆனார். ரேஷன் கடையில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். மகன் தமிழரசனைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அவன் படித்து முடித்ததும் சென்னைக்குப் போனான். இந்தக் காலனிக்குள் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்கிறான். தமிழ்க் குடும்பங்களும் பயந்துபோய் பஜனையை நிறுத்திவிட்டு, எங்கள் வீடு தவிர, ஒவ்வொன்றாய் இடம் மாறின. அத்தை போகவில்லை. போனால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பார்.

காலம் போகப் போக எல்லாம் மறந்துவிடும் என்றுதான் நினைத்தோம். அது எப்படி மறக்கும்? கலகத்தைப் பற்றிக் கவிதை எழுதினார்கள், கதை எழுதினார்கள், வருஷா வருஷம் புத்தகச் சந்தையில் புதிதாக ஏதாவது வரும். போன குளிர்காலத்தில் எங்கள் கிளப்பில் தபன் நினைவாக ஒரு நாடகம் போடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுதியவர் நரேன் பாபு, காலேஜில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். நாடகத்தில் நெற்றியில் விபூதி பூசிய ஒரு மதராஸி ஆள்காட்டி வருகிறான் என்று பால்காரன் மூலம் அத்தை காதுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அத்தை என் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, கிளப்பு வரைக்கும் துணைக்கு வாரியா? நான் ஒண்ணும் சண்டைக்குப் போகல."

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நரேன் பாபு எழுந்து நாற்காலி போட்டார். அத்தை உட்காரவில்லை. நிறுத்தி நிதானமாக வங்காளத்தில் கேட்டார். நாடகத்தை நிறுத்தச் சொல்லவில்லை, தபனைக் குறை சொல்லவும் சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும்: அந்த மனுஷன் சாமி கும்பிட ஆட்களை எழுப்பத்தான் கதவு தட்டினார் என்று யாராவது ஒருவர் மேடையில் சொன்னால் போதும்.

நரேன் பாபு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி இங்கே பௌதி என்பார்கள். அப்படித்தான் கூப்பிட்டார்.

"பௌதி, அதைச் சொல்லிட்டா அப்புறம் தபன் யாரு? பத்தொன்பது வயசுல செத்த பையனை நான் மேடையில ஏத்திக் கொலைகாரன்னு காட்டவா? அந்தக் கல்லை அப்புறம் என்ன பண்றது?"

ஆள்காட்டி வேஷம் போட்டிருந்த ரோஹித் என்கிற பையனுக்குத்தான் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. விபூதியைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"ஸார், மதராஸியை எடுத்துடலாம். பீகாரி ரிக்‌ஷாக்காரன்னு வெச்சுக்குவோம். தலையில ஒரு துண்டு கட்டினா முடிஞ்சது."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. நரேன் பாபு அவன் முதுகில் தட்டினார். எனக்கே அப்பாடா என்றிருந்தது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அத்தை மட்டும் கேட்டார், அப்படி ஒரு ரிக்‌ஷாக்காரர் அப்போது இருந்தாரா என்று. இல்லை, சும்மா கற்பனைதான் என்றார் நரேன் பாபு. கிளப் வாசலில் மூலை ஸ்டாண்டு ரிக்‌ஷாக்காரர்கள் பீடி குடித்துக்கொண்டு ஒத்திகையை வேடிக்கை பார்த்தபடி நின்றார்கள். அதில் பாதிப் பேர் பீகார்க்காரர்கள். அத்தை அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

நரேன் பாபுவுக்குப் புரியவில்லை. இரண்டு தரம் கேட்டார். மதராஸியே இருக்கட்டும் என்று அத்தை மறுபடியும் சொன்னதும், குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரிய மனசு, பெரிய மனசு என்றார். முன்வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கிவைப்பதாகச் சொன்னார். ரோஹித் நெற்றியில் மறுபடியும் விபூதி இட்டுக்கொண்டான்.

வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன். கேட்டது கிடைக்காவிட்டாலும் கிடைத்ததையாவது வாங்கியிருக்கலாமே, இல்லாத ஒரு ஆளுக்காக இருக்கிற நீங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டேன்.

"இல்லாத ஆளா?" என்றார் அத்தை. "நாளைக்கே தேடிக் கண்டுபிடிச்சுருவாங்க. அவன் பெண்டாட்டிக்கு எத்தனை பிள்ளையோ."

நாடகத்தன்று அத்தை போகவில்லை. ஆனால் இங்கே விசேஷம் என்றால் விளக்குக் கம்பம் தோறும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிடுவார்களே, முழு நாடகமும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நானும் அவர் கூட உட்கார்ந்திருந்தேன். ஆள்காட்டி வந்தான். உடைந்த வங்காளத்தில் கோணல்மாணலாகப் பேசினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் ஒரு அலறல், அதற்குப் பிறகு கைதட்டல். நிற்கவே இல்லை.

கைதட்டல் ஒருவழியாக ஓய்ந்தது.

"அவரு பெங்காலி இப்படிப் பேச மாட்டாரு" என்றார் அத்தை. "நல்லாப் பேசுவாரு. எனக்கே அவருதான் சொல்லிக்கொடுத்தாரு."

சரி அத்தை என்றேன். அதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.