மூன்று பேருக்கும் ஒரே குரூப்

மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் ஊருக்கு பஸ் வராது. ரோட்டில் இறங்கி, சில்வர் ஓக் தோப்பைக் கடந்து, பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி மறுபடி ஏறினால் ஊர். நடுவில் கொஞ்ச தூரம் காடு. பலா பழுக்கும் காலத்தில் கரடி பகலிலேயே பாதைக்கு வந்துவிடும். அதனால் பள்ளிக்கூடம் போகும் பெண்ணை ஒற்றையாக அந்த வழியில் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு வகுப்பில் எத்தனை பெண்கள் படித்தாலும் ஒன்றாகப் போய் ஒன்றாகத்தான் வர வேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்களுக்கும் பெரும்பாலும் லீவுதான். “ஏம்மா, காய்ச்சலக்கூடப் பங்கு போட்டுக்குவீங்களா?” என்று ஆசிரியர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பாதையில் நடந்து பார்த்ததில்லை.

நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் மூன்று பேர் இருந்தோம். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி. மேலத் தெருவில் இன்னொருத்தி. ஆறாம் வகுப்பிலிருந்து மூவரும் ஒரே பஸ், ஒரே பாதை.

நான் படிக்க ஆசைப்பட்டது விவசாயப் படிப்பு. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஏழாவது படித்த வருஷம், மழைக்குப் பிறகு எங்கள் மிளகுக் கொடிகள் இலை மஞ்சளாகித் திடீர் திடீரென்று பழுக்க ஆரம்பித்தன. இன்றைக்குப் பச்சையாக நிற்கும் கொடி ஒரு வாரத்துக்குள் இலை முழுவதும் கொட்டி, மரத்தில் சுற்றிய காய்ந்த கயிறாகத் தொங்கும். அப்பா சாமியிடம் குறி கேட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணுபட்டுவிட்டது என்றார். அப்போது விவசாய ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். இலையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடியின் அடியில் மண்ணைப் பறித்து, ஒரு வேரை எடுத்து விரலால் உருவினார். தோல் அப்படியே கழன்று வந்தது. உள்ளே கறுத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அழுகல் நாற்றம்.

“மேல பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. நோவு கீழ இருக்குது” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் தேங்காமல் எங்கே வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று காலால் கோடு போட்டுக் காட்டினார். அப்பா வெட்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கொடிகள் பிழைத்தன. நான் அந்த வேரை ஒரு பாலிதீன் பையில் போட்டுப் பல நாள் வைத்திருந்தேன். நாற்றம் தாங்காமல் அம்மா தூக்கி வீசினாள். அன்றிலிருந்து எனக்கு வேறு எந்தப் படிப்பும் கண்ணில் படவில்லை.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பில் இருந்தது இரண்டே குரூப்: ஒன்று அறிவியல், இன்னொன்று காமர்ஸ். அறிவியல் எடுத்தால் செய்முறை வகுப்பு, சிறப்பு வகுப்பு என்று நேரமாகும். பொழுது சாயும்போது வரும் கடைசி பஸ்தான் கதி. காமர்ஸ்காரர்கள் மணி அடித்ததும் கிளம்பி, வெளிச்சத்திலேயே வீடு சேரலாம். எதிர்வீட்டுக்காரிக்கு இயற்பியல் என்றாலே நடுக்கம். மேலத் தெருக்காரியின் அக்கா காமர்ஸ் படித்தவள். அந்தப் புத்தகங்கள் வீட்டில் கிடந்தன. இரண்டு பேரும் காமர்ஸ் என்று முடிவாகிவிட்டது. அப்புறம் என்னைக் கேட்க என்ன இருக்கிறது? மூன்று அப்பாக்களும் டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் என் குரூப்பும் முடிவானது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். எங்கள் ஊரில் அது பாடப்புத்தகம் வரைக்கும் வந்திருந்தது.

எங்கள் மூவரில் அதிக மார்க் எனக்குத்தான். சேர்க்கைக்குப் போன அன்று உயிரியல் டீச்சர் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறித் தினமும் வந்து போகிறவர்.

“ஏனுங்க, இவ சயின்ஸ் எடுக்கட்டுமுங்க. சயின்ஸ் படிச்சவ பின்னால காமர்ஸ் பக்கமும் போலாம், எந்தப் பக்கமும் போலாம். காமர்ஸ் எடுத்துட்டா இந்தப் பக்கம் திரும்பவே முடியாதுங்க. நர்ஸ், அக்ரி, ஒண்ணுக்கும் போக முடியாது.”

அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மரியாதையாகத்தான் சொன்னார். “போறது கெடக்குதுங்க டீச்சர். பொழுதோட ஊடு வந்து சேரோணுமில்லீங்க.”

“ஆஸ்டல்ல விடலாமுங்களே?”

“வயசுக்கு வந்த புள்ளைங்க. அவ அம்மா ஒத்துக்க மாட்டாளுங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். “எனக்கு அக்ரிதான் படிக்கோணுமுங்கப்பா” என்று வீட்டில் முந்தின நாள் முழுக்கச் சொல்லி அழுதாகிவிட்டது. அப்பா அதட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. “காலேஜ் போறப்போ அக்ரி படிச்சுக்கலாங் கண்ணு, இப்ப இவுங்ககூடப் போ” என்றுதான் சொன்னார். அவருக்குப் பள்ளிக்கூடம் ஒரு படி, காலேஜ் அடுத்த படி. பதினோராம் வகுப்பிலேயே காலேஜின் கதவுகள் சாத்தப்படும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொன்ன டீச்சரை அவர் நம்பவில்லை. கீழ்நாட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் என்ன தெரியும் என்பது அவர் எண்ணம். அதிலும் பாதி உண்மைதான், அதனால்தான் எனக்கு இன்றுவரை முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

மூன்று பேருக்கும் சேர்த்தே காமர்ஸ் எழுதிப் போட்டார்கள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் எதிர்வீட்டுக்காரியின் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். வீட்டில் சமைக்க ஆளில்லை, கூலிக்குப் போகவும் ஆளில்லை என்று அவளை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் ஈரோட்டுப் பக்கம் ஏதோ மில்லுக்குப் போய்விட்டாள். அடுத்த தை பிறந்ததும் மேலத் தெருக்காரியைப் பெண் கேட்டு வந்தார்கள். அவள் வயதை யாரும் கேட்கவில்லை. பரிசம் போட்ட பெண் பள்ளிக்கூடம் போகக்கூடாது என்றார்கள். கடைசியாக வந்த அன்று பஸ்ஸில் என் மடியில் தலை வைத்து அழுதாள். நானும் அழுதேன். அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. யாரோடு சேர்ந்து நடப்பதற்காக நான் அறிவியலை விட்டேனோ அவர்கள் இரண்டு பேரும் வருஷம் முடிவதற்குள் இல்லை.

மறுநாளே உயிரியல் டீச்சரிடம் ஓடினேன். “டீச்சர், இப்ப மாத்திக் குடுப்பாங்களா?”

அவர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். “பரிச்சைக்கு எல்லாம் பேரு அனுப்பியாச்சே சாமி. இனி மாத்தோணும்னா மறுபடியும் மொதல்ல இருந்து பதினொண்ணு படிக்கோணும். படிக்கிறயா?”

வீட்டில் கேட்டேன். ஒரு வருஷத்தை வீணாக்குவதா என்று அம்மா பேச்சை அங்கேயே அறுத்தாள். படிக்க வைப்பதே பெரிசு என்றாள். அதுவும் உண்மை. எங்கள் வீட்டில் எல்லோரும் உண்மையைத்தான் பேசினார்கள், பலன் மட்டும் எனக்குப் பாதகமாக வந்தது.

இனி நான் ஒருத்திதான் என்றதும், என்னையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் டீச்சரைப் பார்த்த அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ரோட்டோரப் பாறையில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் தடியும் டார்ச்சும். “வா கண்ணு” என்றார். என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மறுநாளும் வந்தார். பன்னிரண்டாவது முடிகிறவரைக்கும் வந்தார். மரவள்ளி பிடுங்கும் நாளில் மண் கையோடு வருவார். மழையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பார். சில நாள் பஸ் பழுதாகி, கடைசி பஸ்ஸில் இருட்டிய பிறகு வந்து இறங்கினேன். அப்போதும் பாறையில் டார்ச் வெளிச்சம் இருந்தது.

அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடைசி பஸ்ஸுக்கும் இவரால் வந்து நிற்க முடிகிறதே. அப்புறம் என்ன தடை இருந்தது? அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்தேன். என் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு போகிறவரிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க். மலையில் பெரிய ஊரான செம்மேட்டில் பிரவுசிங் சென்டர் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாமல் இல்லை. டீச்சர் அன்றைக்கே சொன்னதுதான். இருந்தாலும் ஒரு நப்பாசை. கடைக்காரர் விவசாயப் படிப்புக்கான பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பழங்குடியா என்று கேட்டு அதற்கு டிக் அடித்தார். “உங்களுக்குன்னு தனியா எடமே வெச்சிருக்காங்க, எங்கியும் போட்டி இல்ல, மலையில இருந்து ஆளே வாரதில்ல” என்று உற்சாகமாகச் சொன்னார். அடுத்து பாடங்களுக்கு வந்தார். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“காமர்ஸுங்க” என்றேன்.

“அப்ப ஏம்மா இதுக்கு வந்தீங்க?” என்றார். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். பின்னால் நின்ற ஒருவர் தன் தம்பிக்கு ஏதோ சான்றிதழ் எடுக்க அவசரப்பட்டார். நான் எழுந்துகொண்டேன்.

கீழே ஒரு காலேஜில் பி.காம் சேர்ந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எங்கள் பள்ளியிலேயே அறிவியல் குரூப் படித்தவள். நர்ஸிங் கிடைத்தும் ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறதென்று பி.காமுக்கு வந்துவிட்டாள். அவளை பி.காம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டது. டீச்சர் சொன்னது சரிதான், அந்தப் பக்கத்திலிருந்து எங்கும் போகலாம். அவள் நல்லவள். ஆனாலும் முதல் வருஷம் முழுக்க அவளோடு எனக்குச் சரியாகப் பேச வரவில்லை.

இப்போது செம்மேட்டில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறேன். மலை முழுவதும் எங்களிடம்தான் மருந்து வாங்குகிறது. எந்த டப்பாவுக்கு என்ன விலை, எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எது எந்த நோய்க்கு என்று கேட்டால் முதலாளியைக் கைகாட்டுவேன். முதலாளிக்கும் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனதுதான் தெரியும். விவசாய ஆபீஸில் இப்போது மிளகு தெரிந்த ஆபீசர் இல்லை, வருகிறவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

போன மழையில் எங்கள் கொடிகள் மறுபடி பழுக்க ஆரம்பித்தன. இந்தத் தடவை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்க்காமல் விழுந்தன. ஒரு நாள் மத்தியானம் அப்பா கடைக்கு வந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. அதிலிருந்து வேரை எடுத்து மேசையில் வைத்தார். முதலாளி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “காப்பர் மருந்து குடுத்துரு” என்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

“நீ என்ன சொல்ற கண்ணு?”

நான் வேரை எடுத்து உருவினேன். தோல் கழன்றது. முகர்ந்தேன், அதே நாற்றம். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் தெரிந்த அளவுதான் இன்றைக்கும் தெரியும்.

“தெரியலீங்கப்பா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பில் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் வெளியே காத்திருந்து என்னோடு பஸ் ஏறினார். இறங்கியதும் வழக்கம்போல முன்னால் நடக்காமல் அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நின்றார். மருந்து கேனைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கே நா இங்க வந்து நின்னிருக்கோணுங் கண்ணு” என்றார். “மூணு புள்ளைங்களும் ஒண்ணா வாரத மட்டுந்தான் நெனச்சேன். நா வந்து நிக்கலாம்னு அப்பத் தோணவே இல்ல.”

இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் அவர் முதுகைப் பார்த்து நடந்திருப்பேன். கேட்டதும் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

“பொழுது போகுது, நடங்கப்பா” என்று கேனை நான் எடுத்துக்கொண்டேன்.

மருந்தை ஊற்றினோம். மழை விடுவதற்குள் அடுத்த வரிசையும் போய்விட்டது. அப்பா அதற்குப் பிறகு வேர் எடுத்துக்கொண்டு கடைக்கு வரவில்லை. கொடி பழுத்தால் தானே மண்ணைப் பறித்துப் பார்க்கிறார். நான் வருவது தெரிந்தால் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்.