ஐஸ் மிஷினும் அக்காவின் கணுக்காலும்

"களக்" என்று ஒரு சத்தம், அதன் பின்னே கலகலவென்று ஐஸ் துண்டுகள் உருளும் ஓசை. நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் சங்கரன்கோவிலில் எங்கள் சமையலறை முழுக்க இதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, ரைஸ் குக்கரைவிடச் சற்றே பெரிதான ஓர் ஐஸ் மிஷினைக் கொண்டுவந்திருந்தார். கோ-கோ ஆடும் அக்காவுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்ததால், வந்த அன்றே அது அவளுடைய சொத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கரிவலம்வந்தநல்லூரில் இறுதி ஆட்டம். "வீக்கம் வத்தலன்னா நீ வெளியதான் இருக்கணும்" என்று விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார்.

காலில் ஐஸ் துணியைச் சுற்றிக்கொண்டு அவளும், வெறுமனே நானும், தலையோடு தலை முட்ட மிஷினுக்குள் பார்த்துக்கொண்டிருப்போம். சின்னப் பம்பு தண்ணீரைத் தட்டுக்கு ஏற்றும். நாங்கள் "விரல்" என்று பெயரிட்ட உலோகக் குச்சிகள் அதில் முங்கிச் சில்லிட்டு, சுற்றிலும் பனி தடித்ததும் தட்டு சாயும். விரல்களுக்குள் கொஞ்சம் சூடு பாய, பிடி விட்ட துண்டுகள் விழும், ஒரு "தள்ளுகட்டை" அவற்றைக் கூடையில் சேர்க்கும். நடுவில் குழியிருக்கும் அந்தத் துண்டுகளை மோதிரமாக மாட்டிக்கொண்டு, யார் கடைசிவரை கையை உதறாமல் இருப்பது என்று போட்டி போடுவோம்.

சனிக்கிழமை காலை மிஷின் நின்றுவிட்டது. கூடையோ காலி, நிறைந்துவிட்டதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நோண்டி நோண்டிக் கெடுத்துட்டியளா? மாமாட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்றாள் அம்மா.

அக்கா அழவில்லை. "ஏட்டி, கூடை நெறஞ்சது இதுக்கு எப்படித் தெரியுது?" என்றாள்.

கூடைக்கு இருபுறமும் எதிரெதிரே இருந்த கறுப்புப் பொட்டுகளைக் காட்டினேன். "இது ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்குக்கா. நடுவுல ஐஸ் மறைச்சா நிறுத்திரும்போல."

"இப்ப எது மறைக்கி?"

அந்தப் பொட்டுகளை என் விரலால் தடவினேன்; எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படிந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் அக்கா துடைத்தாள். மறுபடி போட்டதும் பம்பு உறுமியது. முதல் துண்டுகள் விழுந்தபோது அவள் ஒற்றைக் காலில் குதித்துச் சமையலறையைச் சுற்றிவந்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு தாளவில்லை.

மறுநாள் வீக்கம் வற்றி அக்கா ஆடினாள், பாய்ந்து விழுந்து கடைசி ஆளைத் தொட்டாள். அன்று மாலை வென்ற கோப்பையில் ரோஸ்மில்க் ஊற்றி, ஐஸை அள்ளிப் போட்டு, அணி மொத்தமும் எங்கள் வீட்டில் மாற்றி மாற்றிக் குடித்தது.

அந்த மிஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அக்கா இப்போது இளையரசனேந்தல் பக்கம் விளையாட்டு டீச்சர்; அவள் பையில் ஒரு ஸ்பிரே டப்பா இருக்கிறது, அடித்த நொடியில் வலி மரத்துவிடுகிறதாம். நல்லதுதான். ஒருத்தியின் கால் ஆறும்வரை இன்னொருத்தி வேலையில்லாமல் கூட உட்கார்ந்திருந்த அந்த நீண்ட மத்தியானங்கள்தான் இப்போது இல்லை.