சந்தனம் வைத்த கவர்கள்

எதிர் வீட்டுப் பெண் பால்கனியில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். வாசனை வந்ததுமே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். பாலிஷ் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. எழுபதுகளில், அறிக்கைகளை நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் எழுத்துத் தப்பிவிட்டால் அதன் மேல் ஒரு சிவப்புத் திரவம் பூசுவோம். அதற்கும் இதே வாசனைதான். இது மூக்கில் ஏறினால் எங்கேயோ ஒரு கவரைத் தப்பாகக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இன்றைக்கும் பதற்றமாகிவிடும்.

அப்போது நாங்கள் மலையாளச் சீமையில் இருந்தோம். நான் கரமனையிலிருந்து பஸ் பிடித்து ஒரு சோப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தேன். மக்கள் தொடர்புப் பிரிவில் உதவியாளர். "மனுஷாளோட பேசறதுக்கு ஒரு உத்தியோகமாடி?" என்று அம்மா கேட்பாள். உண்மையில் பேச்சு அதில் கால்வாசிதான், மீதியெல்லாம் கவலை. நாளைக்கு யார் என்ன கேட்பார்கள், பதில் இல்லாவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்று இன்றைக்கே கவலைப்பட்டு வைக்க வேண்டும். அந்தக் கலை எனக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. பஸ் ஏறும் முன்பே இறங்குவதைப் பற்றிக் கவலைப்படுகிற ஜாதி நான்.

கவலைக்குத் துணையாக ஒரு நோட்டும் வைத்திருந்தேன். எந்தப் பத்திரிகையில் வெளியூர்ப் பக்கம் முதலில் முடிந்து அச்சுக்குப் போகிறது, எந்த நிருபர் டீ குடித்துவிட்டு வந்துதான் கவரைப் பிரிப்பார், யாருக்கு நீட்டி முழக்கினால் பிடிக்காது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பிரிவுத் தலைவர் பி.ஆர்.ஓ. அதை 'ஜாதக நோட்டு' என்று கேலி செய்வார்.

ஒரு வருஷம் பேக்கிங் பிரிவுப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பாதிப் பேர் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் ஆபீஸ் பியூன் சுடலைமுத்து அண்ணனின் மனைவி பாக்கியமும் அதில் இருந்தாள். ஒன்றரை மாதமாக இழுத்துக்கொண்டிருந்த பேச்சுவார்த்தை ஒரு வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டத்துக்கு வந்தது. முடிவு எப்படியும் இருக்கலாம், பத்திரிகைகளோ காத்திருக்காது. அதனால் இரண்டு அறிக்கைகளை முன்கூட்டியே அடித்து, கவரில் போட்டு ஒட்டி வைத்தோம். ஒன்றில் உடன்பாடு, எல்லோரும் வேலைக்குத் திரும்புகிறார்கள். இன்னொன்றில் கதவடைப்பு. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் திட்டமிடல்.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேலே 'கதவடைப்பு' என்று எழுதி வைக்க முடியுமா, ஆபீஸில் எத்தனை கண்கள்! அன்று காலையில் கிழக்கேகோட்டை கோயிலிலிருந்து வாழையிலைத் துண்டில் கொண்டுவந்த சந்தனம் கைவசம் இருந்தது. நல்ல சேதிக் கவர்களின் மூலையில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு பி.ஆர்.ஓ. லேபர் ஆபீஸிலிருந்து போன் செய்தார், உடன்பாடு ஆகிவிட்டது என்று. மேலாக இருந்த சந்தனப் பொட்டுக் கவர்களை, அடியில் இருந்ததைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு நாலு பத்திரிகை ஆபீஸ்களுக்கும் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மீதிக் கவர்களைக் கிழித்துப் போடலாம் என்று அலமாரியைத் திறந்தால், அவற்றிலும் சந்தனம்.

"நீங்க பாதிக்குத்தான் வச்சிருந்தீய. மிச்சத்துக்கு நான் வச்சிட்டேம்மா," என்றார் சுடலைமுத்து அண்ணன், முகமெல்லாம் சிரிப்பாக. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெறுமனே கெடக்கலாமா?"

ஒன்றைப் பிரித்தேன். 'உடன்பாடு' என்று இருந்தது. அப்படியானால் நான் கொடுத்துவிட்டு வந்தது கதவடைப்பு. கதவடைப்பு என்று காலையில் பத்திரிகையில் வந்தால் பாக்கியமும் மற்றவர்களும் கேட்டுக்குள் காலெடுத்து வைப்பார்களா? கையெழுத்தான காகிதத்தை யார் நம்புவார்கள்?

போன் செய்யலாமா என்று நினைத்தேன். கூடாது. கவரைத் திறக்காதவரும் திறந்து பார்ப்பார். நோட்டைப் பிரித்தேன். மூன்று பேர் டீக்குப் போயிருக்கும் நேரம். நாலாவது பத்திரிகையில் வெளியூர்ப் பக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். சரியான கவர்களை அள்ளிக்கொண்டு முதலில் அங்கே ஓடினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள்; சிதறின பிறகு பதறாமல் என்ன செய்வது?

செய்தி ஆசிரியர் கவரைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். மலையாளிதான், என்னோடு பேசும்போது கொஞ்சம் தமிழ் கலப்பார்.

புதுக் கவரை நீட்டி, "அது தப்பு சார், இதுதான் சரி," என்றேன்.

இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ரெண்டும் முன்னாடியே ரெடியாக்கி வெச்சிருந்து, அல்லே மோளே? இதல்லே பெரிய நியூஸ்!"

டைப்பிங் தவறு என்று ஒரு பொய் தொண்டை வரை வந்தது. "ஆமா சார். ரெண்டையும் நான்தான் அடிச்சேன்," என்றேன். "ஆனா இது நாளைக்கு வந்தா, அந்தப் பொம்மனாட்டிகள் யாரும் உள்ள போகமாட்டா சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கதவடைப்பு அறிக்கையை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். "இன்னிக்கு வேண்டா. கம்பெனி வாக்கு மாறினா, அன்னு இத வெளிய எடுப்பேன்."

மற்ற மூன்று இடங்களிலும் கவர் பிரிக்கப்படாமலே இருந்தது, மாற்றிவிட்டேன். சனிக்கிழமை காலையில் பாக்கியம் வேலைக்குப் போனாள். பி.ஆர்.ஓ.வுக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை. சுடலைமுத்து அண்ணனோ, தான் சந்தனம் வைத்ததால்தான் காரியம் முடிந்தது என்று கேன்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்துக் கம்பெனி நிஜமாகவே கதவை அடைத்தது. அறிக்கையும் இல்லை, கவரும் இல்லை, கேட்டில் ஒரு நோட்டீஸ் மட்டும். எனக்கு முதலில் பாக்கியத்தின் நினைவு வரவில்லை, அந்த மேசை இழுப்பறையின் நினைவுதான் வந்தது. செய்தி ஆசிரியர் அதற்கு முந்தின வருஷமே காலமாகியிருந்தார். நான் அடித்த அந்தக் காகிதம் வெளியே வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். நான் ஏறி இறங்கிய பத்திரிகை ஆபீஸ் மாடிப்படிகளும் இல்லை, ஜாதக நோட்டும் எங்கோ தொலைந்துவிட்டது. கம்பெனி மூடியதும் சுடலைமுத்து அண்ணனும் பாக்கியமும் டிரங்குப் பெட்டியோடு நாகர்கோவில் பஸ் ஏறின அன்று வழியனுப்பப் போயிருந்தேன். ஜன்னல் வழியாகக் குனிந்து அவர் சொன்னார்: "போன தடவ சந்தனம் வச்சேன், நல்லபடியா முடிஞ்சுது. இந்தத் தடவ வைக்காம விட்டுட்டனேம்மா."

கம்பெனிக்காக ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்வதுதான் என் உத்தியோகம். கம்பெனி மூடினதற்கும் சந்தனத்துக்கும் சம்பந்தமில்லை என்று பஸ் கிளம்பும்வரை அவருக்கு நான் சொல்லவில்லை.