பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். ஆடி மாதம். நாங்கள் குடியிருப்பது திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில். என் கணவர் அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜர். நான் எல்.கே.ஜி. டீச்சர். ஒரே மகள், அப்போது நான்காம் வகுப்பு.

லாட்ஜ்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. ஊருக்கெல்லாம் எப்போது விடுமுறையோ, அப்போதுதான் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கே பாதியில் வந்து பாதியில் கிளம்புவார். சொந்தத்தில் கல்யாணம், சாவு என்று போனதைத் தவிர, நாங்கள் சேர்ந்து ஓர் இரவு வெளியூரில் தங்கியதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அந்த ஆடியில் பக்தர்கள் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. முதலாளி மனமிரங்கி வாரத்தின் நடுவே இரண்டு நாள் விட்டார். பாண்டிச்சேரிக்குப் போகலாம் என்று முடிவானது. பெயரைக் கேட்டதும் என் தம்பி, “மாமா, எனக்கும் ஒரு சீட்டு போடு” என்று கண்ணடித்தான். பாஸ்டரம்மா மட்டும், “பாண்டிக்கா?” என்று இரண்டு தடவை கேட்டார். “கடல் பாக்கத்தான்மா” என்று நானும் இரண்டு தடவை சொன்னேன்.

திட்டம் முழுக்க அவருடையது. நான் வாயைத் திறந்தால், “தெனம் ஊரு ஒலகத்துக்கே ரூம் குடுத்துக்கினு இருக்கறன். எனக்கே கத்துக் குடுக்கறியா?” என்பார். செலவைக் குறைக்க வாரநாள், சாதா பஸ், முதல் நாளுக்குக் கையோடு எலுமிச்சை சாதம். கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு அம்மா தன் வீட்டு மாடியை அறைகளாக்கி வாடகைக்கு விடுகிறார் என்று விசாரித்து, போனிலேயே தேதியை மட்டும் சொல்லிப் பேசி முடித்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ச் சாவி வாங்குவது, மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு முதல் பஸ் பிடிப்பது. ஒரு நாள் வாடகையில் ஒரு முழுப் பகலும் ஒரு முழு இரவும். அவருக்கு அதில் அவ்வளவு பெருமை.

அதில் ஓட்டை இருப்பது எனக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர் லாட்ஜ்களில் பெரும்பாலும் அப்படித்தான். பக்தர்கள் எந்த நேரத்திலும் வந்து இறங்குவார்கள். சாவி கைக்குப் போன நிமிடத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம். உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தோம்.

திட்டப்படி ஐந்து மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றோம். மகள் என் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் அந்த வீட்டுக்கார அம்மா, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

“ரூம்ல ஆள் இருக்காங்களே தம்பி. பதினோரு மணிக்குத்தான் காலி பண்ணுவாங்க. கூட்டித் தொடச்சி பன்னண்டு மணிக்குக் குடுப்பேன்.”

இவர் எங்கள் ஊர்க் கணக்கைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

“அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தவங்க?”

“மறுநாளு ராத்திரி ரெண்டு மணிக்குக் காலி பண்ணணும். போய்க் கதவத் தட்டுவோம்.”

“அய்யய்ய, பாவம்” என்றார் அந்த அம்மா.

இவர் முகம் சுருங்கிவிட்டது. தன் தொழிலில் தானே ஏமாந்த வெட்கம். அவர் கோபப்பட்டால் கத்த மாட்டார், பையைத் தூக்கிவிடுவார். அன்றைக்கும் தூக்கினார். “வா போலாம். திருப்பதி பஸ்ஸு இருக்கும்” என்றார், என்னைப் பார்க்காமலே.

இன்றைக்குத் திரும்பினால் இந்த மனிதர் இனி ஜென்மத்துக்கும் கிளம்ப மாட்டார். அடுத்து எப்போது கேட்டாலும் ‘அன்னிக்குப் போனோமே, இன்னா ஆச்சு’ என்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெருவில் நின்றுகொண்டு என்ன சண்டை போடுவது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். வாளியைக் கீழே வைத்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இவர் கையிலிருந்த பையைப் பிடித்தார்.

“பைய உள்ள வைங்க. பின்னாடி பாத்ரூம் இருக்கு, மொகம் கழுவிட்டுக் கடலுக்குப் போங்க. வெயிலுக்கு முன்னாடி போனாத்தான் நல்லாருக்கும். ரூமு எங்க ஓடிடப் போவுது?”

இவர் பையை விடவில்லை. “டோக்கன் எதனா தருவீங்களா?” என்றார். எங்கள் ஊரில் செருப்பை விட்டால்கூட டோக்கன்.

“உங்க துணிய நான் கட்டிக்கிட்டு எங்க தம்பி போகப் போறேன்?”

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் பையை விட்டுவிட்டார்.

சாப்பாட்டுத் தூக்கையும் என் கைப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். தெரு முனை திரும்பியதும் கடல். கரையோரம் கொட்டியிருந்த கருங்கற்களில் ஒன்றில் உட்கார்ந்தோம். வானம் வெளுத்து, பிறகு சிவந்து, சூரியன் தண்ணீருக்கு மேல் வந்தது. மகள் முழுசாக விழித்துக்கொண்டு, “நைனா, இது நம்ம ஊருக்கும் இப்பதான் வருதா?” என்று கேட்டாள். இவர் யோசித்துவிட்டு, “வரும். ஆனா அந்நேரம் நான் பில்லு போட்டுக்கினு இருப்பன்” என்றார்.

அவருடைய போன் அடித்தது. லாட்ஜ். எடுத்து, “அன்னீ மீரே சூஸ்கோண்டி” என்று, எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் எனத் தெலுங்கில் சொல்லிவிட்டு, என் கைப்பையில் போட்டுவிட்டார்.

எலுமிச்சை சாதத்தைப் பிரித்தேன். எனக்கு அந்தக் காட்சிதான் மறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடும்போது வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார், யாராவது பெட்டியோடு வருகிறார்களா என்று. வீட்டில் சாப்பிட்டாலும் அப்படித்தான். அன்றைக்கு அவர் பார்ப்பதற்கு வாசல் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார். “சாதம் நல்லாகீது, நீயும் துன்னு” என்றார். நான் எலுமிச்சை சாதம் செய்வது அவருக்கு அன்றுதான் தெரிந்ததுபோல இருந்தது.

பிறகு அவரே சொன்னார். “நம்ம பிளான் சரியா இருந்திருந்தா, இந்நேரம் நான் ரூம்ல தூங்கிக்கினு இருப்பன் இல்ல?”

ஆமாம் என்றேன். குறட்டை உட்பட என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ரூம் கிடைத்தது. உள்ளே போனதும் குழாயைத் திறந்து பார்த்தார், மெத்தையைத் தூக்கிப் பார்த்தார், விரிப்பை மோந்து பார்த்தார். பன்னிரண்டிலிருந்து பதினொன்று வரை என்றால் ஒரு மணி நேரம் குறைகிறதே என்று முணுமுணுத்தார். மறுநாள் விடியற்காலை, பழக்க தோஷத்தில் எழுந்து துணி மடிக்க ஆரம்பித்தார். “பதினோரு மணி வரைக்கும் நம்ம ரூமுதான், யாரும் கதவத் தட்ட மாட்டாங்க” என்றேன். மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம், “கடலுக்குப் போலாமா?” என்று அவரே கேட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நின்றார். முதல் நாள் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ என்று பார்த்தேன்.

“அடுத்த ஆடிக்கும் வரோங்க்கா. காலைல அஞ்சு மணிக்கே வந்துடுவோம். ரூமு பன்னண்டு மணிக்குக் குடுத்தாப் போதும்” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டோம். போன வருடம் ரூம் முன்னதாகவே காலியாக இருந்தது. அந்த அம்மா சாவியை நீட்டினார். இவர் வாங்கவில்லை. பையை வைத்துவிட்டுக் கடல் பக்கம் நடந்தார். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சாவி கொடுத்த மனிதர் எனக்கென்று ஒதுக்கிய காலைப்பொழுது அதுதான் என்று, தூக்கை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.