எந்த இழுப்பு

சித்தார்த்தன் டீ குடிக்கப் போகும்போதும் கழுத்திலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றுவதில்லை. அதை வைத்து அவன் யாருடைய நெஞ்சையும் கேட்டுக் கிருஷ்ணவேணி பார்த்ததில்லை. திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் நடக்கும் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி மையத்துக்கு அவன்தான் வாத்தியார். வயது இருபத்தேழு. பிசியோதெரபி படிப்பை மூன்றாம் வருடத்தோடு விட்டவன் என்பது கீழே டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும்.

கிருஷ்ணவேணிக்கு ஐம்பத்தெட்டு. விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் இருபத்திரண்டு வருடம் ஆயா வேலை பார்த்தவள். அவள் துடைத்துவிட்ட உடம்புகளையும் பெட்பேன் வைத்து எடுத்த ஆட்களையும் வரிசையாக நிறுத்தினால் ஜங்ஷன் வரைக்கும் நிற்பார்கள். அவளுக்கு இவன் கல்லீரல் வலது பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தான்.

வேறு வழியில்லாமல்தான் உட்கார்ந்திருந்தாள். நர்சிங் ஹோம் டாக்டர் இறந்த பிறகு அவருடைய பிள்ளை அதை ஸ்கேன் சென்டராக மாற்றிவிட்டான். மெஷினுக்கு ஆயா தேவைப்படவில்லை. வீடுகளுக்கு ஆள் அனுப்புகிற இடங்களில் போய்க் கேட்டால், எல்லோரும் கையைப் பார்க்காமல் காகிதத்தைக் கேட்டார்கள். மூன்று மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கினால் வேலை. இல்லாவிட்டால் அம்பத்தூரில் மகன் ரஞ்சித் வீட்டுக்குப் போய், ஹாலில் பாய் போட்டுப் படுத்து, மருமகள் சங்கவி ஆபீசுக்குப் போன பிறகு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அந்த விசிலை நினைத்தாலே அவளுக்குக் காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும்.

பாடமெல்லாம் பஸ்ஸில்தான். விழுப்புரத்தில் ஏறினால் விக்கிரவாண்டிக்குள் இருதயம் முடியும். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் சிறுநீரகம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நரம்புகள் பாதியில் நிற்கும். ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. இரண்டும் தடுமாறியதால் சங்கவியின் குரல் ஹைப்பர், ரஞ்சித்தின் குரல் ஹைப்போ என்று வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்பவில்லை.

நரம்பு மண்டலம் நடத்திய அன்றுதான் வாத்தியாருக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது.

"கை கால் வெட்டிக்கினு, நுரை தள்ளி, நெனவு இல்லாம கெடப்பாங்க இல்ல, அதுக்கு மெடிக்கல் டெர்ம் சிசர்" என்றான் சித்தார்த்தன்.

"இன்னா சார்?"

"சிசர்."

"ஆம்பளைக்குமா?"

வகுப்பே சிரித்தது. நர்சிங் ஹோமில் சிசர் என்றால் ஒன்றுதான்: வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பது. 'ராத்திரி ரெண்டு நார்மல், ஒரு சிசர்' என்றுதான் ஷிப்ட் மாறும்போது சொல்லிக்கொள்வார்கள்.

"அது சிசேரியன்மா. ஸ்பெல்லிங் வேற."

"கையும் காலும் வெட்டிக்கினு கெடக்கறவன் ஸ்பெல்லிங்கா பாத்துக்கினு இருக்கப் போறான்?"

மறுபடியும் சிரிப்பு. சித்தார்த்தனின் காது சிவந்தது. "வயசாயிட்டா இதெல்லாம் மெமரியில நிக்காது ஆயா. பரவால்ல, வந்த வரைக்கும் எழுதுங்க" என்றான்.

அந்தச் சொல்லை 'சீஷர்' என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பழைய டாக்டர் அப்படித்தான் சொல்வார். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவன் ஆயுள் முழுக்கத் தப்பாகவே சொல்லிக்கொண்டு திரியட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவள் மதிக்காத இன்னொரு ஆள் புனிதா. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துப் பெண், இருபது வயது. நூறு சொல் கொடுத்தால் ஒரே நாளில் நெட்டுருப் போட்டு ஒப்பிப்பாள். பரீட்சையில் தொண்ணூற்றெட்டு. ஆனால் பெட்பேனைத் தூக்கச் சொன்னால் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "ஒடம்புல எல்லாத்துக்கும் பேரு தெரிஞ்சி வச்சிக்கினு, எதையும் தொட மாட்டியா?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள். "பழகிடும்க்கா" என்றாள் புனிதா. பழகவில்லை.

கடைசிப் பதினைந்து நாள் நேரடிப் பயிற்சி. கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு விவசாயி வீடு. துரைக்கண்ணுவுக்கு எழுபது வயது. இரண்டு வருடம் முன்பு ஹைவேயில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் ஆபரேஷன் ஆனவர். ஒரு நாள் கிருஷ்ணவேணி, மறுநாள் புனிதா என்று மாறி மாறிப் போக வேண்டும். நோயாளியைப் பற்றித் தெரிந்துகொண்டதை ஒரு தாளில் எழுதி அங்கேயே வைக்க வேண்டும். தாளில் மூன்று கட்டம்: எந்த மண்டலம், நோயின் பெயர், என்ன செய்ய வேண்டும். மெடிக்கல் டெர்மில் எழுதினால்தான் மார்க் என்று சித்தார்த்தன் இரண்டு முறை சொல்லியனுப்பினான்.

முதல் நாள் கிருஷ்ணவேணி. துரைக்கண்ணுவின் மனைவி கோவிந்தம்மாள் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"மாசத்துக்கு ஒரு வாட்டி இழுப்பு வரும்மா அவருக்கு."

"எந்த இழுப்பு? மூச்சா, கை காலா?"

இதை எந்த ஆயாவும் கேட்பாள். அந்தப் பக்கத்தில் நெஞ்சு கர்புர் என்று இளைத்தாலும் இழுப்பு, கை கால் வெட்டினாலும் இழுப்பு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனால் அதையும் இழுத்துக்கிச்சு என்பார்கள்.

"கை காலுதாம்மா. மொதல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிக்கினு, வாயச் சப்புக் கொட்டிக்கினு ஒரு மாதிரி முழிப்பாரு. அப்பறம்தான் வெட்டும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு கம்முனு பக்கத்துல இருந்தா தானா நின்னுடும். வாயில தண்ணி மட்டும் ஊத்திடாதன்னு டாக்டரு தலதலயா அடிச்சிக்கினாரு."

"ஊத்த மாட்டேன். நீ போயி வேலயப் பாரு."

சாயங்காலம் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். எழுத வேண்டிய சொல் அவளுக்குத் தெரியும். எழுத்துக்கூட்டலும் தெரியும், பஸ்ஸில் நாற்பது தடவை எழுதியது. பேனாவைத் தாளில் வைத்ததும் சித்தார்த்தனின் முகம் வந்தது. 'வந்த வரைக்கும் எழுதுங்க ஆயா.' நடுக் கட்டத்தில் பெரிதாகத் தமிழில் 'இழுப்பு' என்று மட்டும் எழுதினாள். மற்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டாள். பதினைந்து நாள் கழித்து அவன் அதைப் பார்த்துவிட்டு மார்க் இல்லை என்பான். 'இது எந்த இழுப்புன்னு நீங்க சொல்லுங்க சார் பாக்கலாம்' என்று பத்துப் பேர் முன்னால் கேட்க வேண்டும். அவன் விழிப்பதைப் பார்க்க வேண்டும். அந்த நினைப்பில் விழுப்புரம் வரும் வரைக்கும் பஸ்ஸில் சந்தோஷமாகவே உட்கார்ந்திருந்தாள்.

சித்தார்த்தனுக்கு முன்னால் அந்தத் தாளை நாளைக் காலையில் புனிதா படிப்பாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கோவிந்தம்மாள் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை பறிக்க ஆள் வந்திருந்தது. புனிதா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கிளம்பிவிட்டார். "எல்லாத்தயும் நேத்து வந்த அம்மாகிட்ட சொல்லிட்டேன். தாளுல எழுதிக்கிறாங்க பாரு." டாக்டர் சீட்டுகள் பீரோவுக்குள் இருந்தன. பீரோ சாவி அவர் இடுப்போடு போய்விட்டது.

புனிதா தாளைப் பார்த்தாள். இழுப்பு. அவள் தம்பிக்கு மார்கழியில் வருமே, அது. காலிக் கட்டங்களைப் பார்த்துப் பாவப்பட்டு, முத்து முத்தாக இங்கிலீஷில் நிரப்பினாள். மூச்சு மண்டலம். பிராங்கியல் ஆஸ்துமா. நிமிர்த்தி உட்கார வைக்கவும், வெந்நீர் கொடுக்கவும். தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியவள் எழுதியதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

பத்து மணிக்குத் துரைக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. வாயைச் சப்புக் கொட்டினார். புனிதா அவசரமாக அவரைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தாள். வெந்நீரை வாயில் ஊற்றினாள். இரண்டாம் மடக்கில் கை கால் வெட்டத் தொடங்கியது. மல்லாட்டை ஆட்களுக்கு டீ எடுத்துப்போக வந்த கோவிந்தம்மாள் தூக்குச்சட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். "அடிப்பாவி, தண்ணி ஊத்துறியேடி!" என்று அவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, புருஷனைப் புரட்டி ஒருக்களித்துப் போட்டார். இழுப்பு நின்றது. ஆனால் தண்ணீர் போக வேண்டிய பாதையை விட்டு நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள்.

மூன்றாம் நாள் மேல்மாடியில் விசாரணை. மேஜையில் அந்தத் தாள் கிடந்தது.

"சென்டர் பேரு இன்னா ஆவறது?" சித்தார்த்தனுக்கு அதுதான் கவலை. துரைக்கண்ணு எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆஸ்துமான்னு எழுதிக்கிற. யாரு சொன்னது உனக்கு?"

"நான்தான் சார் தப்பாப் புரிஞ்சிக்கினேன்" என்று புனிதா மூக்கை உறிஞ்சினாள்.

"உனக்கு சர்டிபிகேட் கெடையாது. ஊருக்குப் போயிடு."

தாளில் இரண்டு கையெழுத்து இருப்பதை அவன் கவனிக்கவில்லை. இங்கிலீஷை மட்டும் படித்திருந்தான். நடுவில் தடியாக நின்ற ஒரே தமிழ்ச் சொல் அவன் கண்ணில் படவில்லை. கிருஷ்ணவேணி சுவர் ஓரமாக நின்றாள். இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குப் பிறகு சான்றிதழ், அதற்குப் பிறகு வேலை. வாயைத் திறக்காமல் படி இறங்கினாள்.

புனிதா டீக்கடையில் அழுதுகொண்டே டீயையும் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களைக் கிருஷ்ணவேணிக்குப் பிடிக்காது.

"எக்கா, எங்க ஊர்ல இழுப்புன்னா மூச்சுதான். உங்களுக்கு மட்டும் அது பிட்ஸுன்னு எப்டித் தெரிஞ்சுது?"

அதில் குத்தலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"கேட்டேன்" என்றாள் கிருஷ்ணவேணி.

கேட்டாள். பதில் வந்தது. வந்த பதிலை எழுதவில்லை. இந்தப் பெண்ணுக்கு நோயாளியைத் தொடத் தெரியாது, சரி. தாளில் இருந்ததை நம்பினாள். எல்லாம் தெரிந்த ஒருத்தி, ஒரு கோமாளியை மட்டம் தட்டுவதற்காக ஒரு கிழவரின் தாளைக் காலியாக விட்டுவிட்டு பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள். மோசமான ஆயாக்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மருந்தைத் திருடியவள் உண்டு, தூங்கியவள் உண்டு. இந்த ரகத்தை இதுவரை பார்த்ததில்லை.

திரும்பப் படி ஏறினாள்.

"சார், அந்த இழுப்புன்ற எழுத்து என்னுது."

சித்தார்த்தன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "அதனால?"

"அது மூச்சு இல்ல, சீஷர். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் எழுதி இருக்கணும்."

"தெரிஞ்சி ஏன் எழுதல?"

"உங்களப் புடிக்கல சார்."

அவன் தாளைக் கீழே வைத்தான். "இது ஒரு காரணமா?"

"இல்ல" என்றாள். "அதான் வந்து சொல்றேன்."

புனிதா இன்னொரு வீட்டில் பதினைந்து நாள் பயிற்சி செய்தால் போதும் என்றும், கிருஷ்ணவேணி அடுத்த பேட்ச்சில் முதலிலிருந்து மூன்று மாதம் உட்கார வேண்டும் என்றும் அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வஞ்சம் வைத்துத்தான் போட்டான். ஆனாலும் அந்தத் தண்டனை சரியாக இருந்தது. அவன் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். துரைக்கண்ணு ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து கண்ணை உருட்டினார். கோவிந்தம்மாள் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, அன்னிக்கு அவ்ளோ நேரம் பேனாவ வச்சிக்கினு உக்காந்து இருந்தியே. இன்னாதான் எழுதின?"

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கோவிந்தம்மாள் வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். கிருஷ்ணவேணி நின்று கேட்டுக்கொண்டாள். திட்டு முடிந்ததும் துரைக்கண்ணுவை ஒரு பக்கமாகத் திருப்பி முதுகைப் பார்த்தாள். புண் வரத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கித் துடைத்து, பவுடர் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். எட்டாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரஞ்சித் போன் செய்தான். "எதுக்கும்மா உனக்கு இந்தப் பேஜாரு? இங்க வந்துடு."

"பரீட்ச இருக்குதுடா" என்று வைத்துவிட்டாள். விடியற்காலையில் இரண்டு கடைகளுக்கு வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு, பிறகு பஸ். விக்கிரவாண்டியில் இருதயம், கூட்டேரிப்பட்டில் சிறுநீரகம். கூட்டேரிப்பட்டில் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டாள்.

புதிய பேட்ச்சில் பதினான்கு பேர். ஒருத்திக்கும் கை சுத்தமில்லை. முதல் பெஞ்சில் கிருஷ்ணவேணி. நரம்பு மண்டலம் வந்தது.

"இதுக்குப் பேரு சிசர்" என்றான் சித்தார்த்தன். கழுத்தில் அதே ஸ்டெதஸ்கோப்.

"சீஷர் சார்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"சிசர்னா பிரசவ ஆஸ்பத்திரியில வேற. இதுங்க அங்க போயி அசிங்கப்படும். போர்டுல தமிழ்லயும் எழுதிப் போடுங்க, எழுதிக்கினு போவட்டும்."

அவளோடு மல்லுக்கு நிற்க அவனுக்குத் தெம்பில்லை. சாக்பீஸை எடுத்து 'இலுப்பு' என்று எழுதினான்.

கிருஷ்ணவேணி எழுந்து போனாள். 'லு'வைப் புடவைத் தலைப்பால் அழித்து 'ழு' போட்டாள். சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்காமல், முன்னால் 'கை கால்' என்று எழுதினாள். அதற்குக் கீழே, கடைசிப் பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி, 'தண்ணீர் ஊற்றாதே' என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.