மூணு கிராமும் ஒரு கட்டைவிரலும்

மூணு கிராம் லூரை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினால் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மீனை ஏய்க்க, புளியங்கொட்டை அளவில் தகரத்தில் செய்த பொய் மீன்குஞ்சு, வாலில் ஒரு தூண்டில் முள். அதைத் தண்ணீரின் நடுவுக்கு எறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு வந்தது. இந்த வயதில் ஆண்களுக்கு வரும் கோளாறுகளில் இதுதான் மலிவானது என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "மலிவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துவைத்த போர்வையை என் முகத்துக்கு நேராக உதறினாள்.

அதுவரை விராலுக்கு ரப்பர் தவளை எறிந்துகொண்டிருந்தவன் நான். தவளை கனம். எறிந்தால் போய் விழும். அதில் பெரிய வித்தை கிடையாது. நான் வைத்திருந்த ரீல், எறியும்போது ஸ்பூல் என்கிற உருளை சுழன்று நரம்பை விடுகிற வகை. எங்கள் பக்கம் தூண்டில் நூலுக்கு நரம்பு என்றுதான் பெயர். தவளை இழுக்கிற இழுப்பில் உருளை சுழலும், தவளை விழும், உருளையும் நிற்கும். மூணு கிராமில் கதை வேறு. குஞ்சு பாதி வழியிலேயே களைத்துப்போகும். அது களைத்த சேதி உருளைக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றி நரம்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கண் இமைப்பதற்குள் ரீலுக்குள் ஒரு குருவிக்கூடு. பிரிக்க உட்கார்ந்தால் அன்றைய பொழுது போச்சு.

அதைத் தடுக்க இருக்கிற ஒரே ஆள் கட்டைவிரல். உருளையின் மேல் பட்டும் படாமல் கிடந்து, குஞ்சு களைக்கிற நொடியை உணர்ந்து, லேசாக அழுத்த வேண்டும்.

என் வலது கட்டைவிரல்தான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. சூடான டீ கிளாஸைப் பிடித்தால் மற்ற விரல்கள் துள்ளும். இது மட்டும் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்கிற மாதிரி சும்மா இருக்கும். சட்டைப் பொத்தான் போடும்போது பொத்தானைப் பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தொப்பை நடுவில் இருப்பதால் அதுவும் பாதிதான் தெரியும்.

குளிர் என்று சொல்லிக்கொண்டேன். கொடைக்கானலில் எதற்கும் குளிரைச் சொல்லலாம், அது மறுத்துப் பேசாது. மாவு புளிக்கவில்லை, வண்டி கிளம்பவில்லை, சம்பந்தி முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாம் குளிர். டூரிஸ்டுகளுக்கு ரூம் விட்டுப் பிழைக்கிறவன் நான். வெந்நீர் வரவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால்கூட, "இந்த வருஷம் குளிர் ஜாஸ்திங்க" என்பேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆனால் என் அண்ணனும் குளிர் என்றுதான் சொன்னார். அவருக்குக் கால் பெருவிரலில் ஆரம்பித்தது. ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டார். ஒரு நாள் ஷூவுக்குள் கிடந்த கல்லோடு பொழுதெல்லாம் நடந்திருக்கிறார், தெரியவில்லை. புண் ஆறவேயில்லை. சர்க்கரை என்றார்கள். இப்போது அந்தக் காலுக்கு அவருக்குச் சாக்ஸே தேவைப்படாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைப் பார்த்து, "தம்பியும் ஒருதடவை ரத்தம் பாத்துக்கங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, புது ஸ்பூல் வாங்கினேன்.

வாங்கியது என் சிநேகிதன் கடையில். பஜாரில் ஸ்வெட்டர், குடை, ரெயின்கோட் விற்கிற பாய். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் தூண்டில் சாமான் வைத்திருப்பார். சிறு வயதிலிருந்து ஒருவரை ஒருவர் மாப்ளே என்று கூப்பிடுகிறோம். இதில் மாமன் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

"பழைய ஸ்பூல் கனம் மாப்ளே," என்றார் என் ரீலைக் கழற்றிப் பார்த்து. "மூணு கிராம் போயி இதைச் சுத்தணும்னா, சுண்டெலி போயி ஆட்டுக்கல்ல சுத்துன மாதிரி. ஆழமில்லாத ஸ்பூல் போடுங்க. நரம்பு கொஞ்சமாத்தான் புடிக்கும், ஆனா தொட்டாலே சுத்தும்."

போட்டேன். குருவிக்கூடு.

"ராடு வெறைப்பா கெடக்கு. நுனி வளையணும். வளைஞ்சு அது எறியணும், நீங்க எறியக் கூடாது. நீங்க என்னமோ மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க."

நுனி மெலிந்த ராடு வாங்கினேன். கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராமிலிருந்து எத்தனை கிராம் வரை என்று அச்சடித்திருப்பதை அவர்தான் படித்துக் காட்டினார். அதிலும் குருவிக்கூடு. பிறகு, உருளை தலைதெறிக்க ஓடாமல் காந்தம் பிடித்து நிறுத்துகிற ரீல். பக்கவாட்டில் ஒரு திருகு. ராடை நீட்டிக் குஞ்சைத் தொங்கவிட வேண்டும், அது மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளையும் நிற்கிற அளவுக்குத் திருகை வைக்க வேண்டும். எனக்கோ, திருகு திரும்புகிறதா என் விரல்தான் அதன் மேல் வழுக்குகிறதா என்பதே தெரியவில்லை.

சாயங்காலங்களில் ரூம்களுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் ஒரு தகரப் பக்கெட்டை வைத்து எறிந்து பழகினேன். ஒரு நாள் பனிமூட்டம் இறங்கிப் பக்கெட்டே மறைந்துவிட்டது. குத்துமதிப்பாக எறிந்தேன். குஞ்சு எதன் மேலோ பட்ட சத்தம் கேட்டது. தகரத்தில் பட்ட சத்தம் இல்லை. பிறகு யாரோ பெருமூச்சு விட்டார்கள். எங்கள் ஊரில் அப்படிப் பெருமூச்சு விடுகிறவர் ஒருவர்தான். பனி கொஞ்சம் விலகியபோது காட்டுமாடு நின்றது. லாரி முன்பக்கம் மாதிரி நெற்றி.

ஓடலாம். ஆனால் குருவிக்கூட்டிலிருந்து வழிந்த நரம்பு என் காலைச் சுற்றிக் கிடந்தது. ராடைப் பிடித்தபடி, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்கிறவன் மாதிரி நின்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது, காது மடல்கூடச் சுட்டது. அந்த ஒரு விரலுக்கு மட்டும் சேதி போகவில்லை. மாடு என் மனைவி வளர்த்த செடிகளைத் தின்று முடித்துவிட்டுக் கிளம்பியது. நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன், மாட்டுக்குப் பயந்து அல்ல.

மறுநாள் பாய் போன் பண்ணினார். என் கையில் வெங்காயம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். அடுப்படியில் மனைவி நின்றிருந்தாள்.

"மாப்ளே, ராத்திரி பூரா யோசிச்சேன். உங்க கோளாறு நரம்புலதான். தடிச்சுக் கெடக்கு, அதான் உணர்ச்சியே இல்ல. பேசாம மாத்திருவோம்."

மனைவி கரண்டியை வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள். "அண்ணே, நரம்பை எப்படிண்ணே மாத்துவாங்க? மதுரைக்குப் போகணுமா?"

"எதுக்குத்தா மதுரை, நம்ம கடையிலயே இருக்கு. ஜப்பான் நரம்பு. தலைமுடி கணக்கா இருக்கும், பத்து நிமிஷத்துல சுத்தி விட்டுர்றேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விஷயம் புரிந்ததும் அந்தப் பக்கம் பாயும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவரு தூண்டிலுக்குச் சொன்னாரு," என்றாள். "வெங்காயத்தோட சேத்து விரலயும் நறுக்கிருக்கீங்க. அது தெரியுதா உங்களுக்கு?"

பார்த்தேன். லேசான கீறல்தான். ஆனால் எப்போது பட்டது என்று தெரியவில்லை.

"குளிரு," என்றேன். "நாளைக்குக் கீழ அணைக்குப் போறோம்ல. வெயில்ல நின்னா தானா சரியாயிரும்."

"வெயில்லயும் சரியாகலேன்னா?"

வெங்காயத்தை மறுபடி நறுக்க ஆரம்பித்தேன். கண்ணீர் வந்ததற்கு நல்லவேளையாக ஒரு காரணம் கையிலேயே இருந்தது.

வெள்ளனே கிளம்பினோம். பாய்தான் வண்டி ஓட்டினார். பெருமாள்மலையில் பனி, எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் மிதந்து வந்தது. பழனி ரோட்டில் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் ஆள்காட்டி விரல் நகத்தால் கட்டைவிரலைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். வடகவுஞ்சி தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். இன்னும் இறங்க இறங்கக் காற்று சூடாகிக் காது திறந்தது. கால் விரல்கள் செருப்புக்குள் நமநமவென்று விழித்துக்கொண்டன.

"விரலு என்ன சொல்லுது மாப்ளே?"

"அது இன்னும் பெருமாள்மலையிலயே நிக்குது. பஸ் கெடைக்கலயாம்."

பாய் சிரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "எங்க சின்னாப்பாவுக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். எதிரே எந்த வண்டியும் இல்லை.

அணையில் தண்ணீர் ரொம்ப இறங்கியிருந்தது. கரையெல்லாம் வெடித்த சேறு. முழுகிக் கிடந்த கருவேல மரங்கள் இப்போது இலையில்லாமல் தண்ணீருக்குள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். ஒன்றும் கத்தவில்லை. மீன் குத்தகைக்காரரின் ஆள் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் படுத்துக்கொண்டார். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கட்டைவிரல் வெயிலில் பளபளவென்று வியர்த்து, பார்ப்பதற்கு ரொம்ப ஆரோக்கியமாக இருந்தது.

எறிந்தேன்.

அப்படி ஒரு எறி என் வாழ்நாளில் விழுந்ததில்லை. மெலிந்த நுனி வளைந்து நிமிர்ந்தது. ஜப்பான் நரம்பு சத்தமே இல்லாமல் ஓடியது. குஞ்சு நான் நினைத்த மரத்தின் ஓரமாகப் போய்ச் சொட்டென்று விழுந்தது. ரீலைப் பார்த்தேன். குருவிக்கூடு இல்லை.

"ஏலே, பாத்தீங்களா மாப்ளே," என்றேன். மரியாதையும் ஏலேயும் சேர்ந்து வந்தது, அவ்வளவு சந்தோஷம். "விரலு வந்துருச்சு. வெயில்தான் மருந்து."

"காந்தம் புடிச்சிருக்கும்," என்றார் பாய்.

"விரலுங்கிறேன்."

"சரி, விரலுதான்."

எறிந்த பிறகு ரீலின் கைப்பிடியைச் சுற்றி உருளையைப் பூட்ட வேண்டும் என்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனது. அந்த நேரம் பார்த்து மரத்தடியில் தண்ணீர் புரண்டது. விரால். ராடு வளைந்தது, பூட்டாத உருளை ஓட ஆரம்பித்தது. நான் கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்தினேன். நின்றது. மறுபடி இழுத்தது. இன்னும் அழுத்தினேன். நரம்பு விரலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது, நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதிலும் இவ்வளவு தாங்குகிறேனே என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"விடுங்க மாப்ளே," என்றார் பாய்.

"எதுக்கு விடணும்? நல்ல சைஸு."

"விடுங்கங்கிறேன்ல. கையப் பாருங்க."

பார்த்தேன். ஸ்பூல் சிவப்பாக இருந்தது. நான் வாங்கும்போது அது சாம்பல் நிறம். நரம்பு விரலுக்குள் புதைந்து, நகத்துக்குக் கீழே ஒரு கோடாக மறைந்திருந்தது. ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேற்றில் விழுந்துகொண்டிருந்தது. வலிக்கட்டும் என்று காத்திருந்தேன். எப்படியும் வரும், கொஞ்சம் தாமதமாக வரும் என்று மரியாதையாகக் காத்திருந்தேன். வரவில்லை.

பாய் நரம்பை அறுத்தார். விரால் மூணு கிராமை வாயில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டது. நான் சேற்றில் உட்கார்ந்தேன். அலறியிருக்க வேண்டும், ஏனென்றால் நீர்க்காகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வலிக்காததற்கு அலறிய ஆள் அந்த அணையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "மாப்ளே, கால்ல ஏதாவது கல்லு குத்தியிருக்கா பாருங்க," என்று ரெண்டு செருப்பையும் கழற்றி அவர் மடியில் போட்டேன். அவர் பொறுமையாக, ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்தார்.

மேலே ஏறவில்லை. நேராகப் பழனிக்கு வண்டியை விட்டார். முதலில் கண்ணில் பட்ட கிளினிக். என் வயதிருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. தையல் போட்டார்கள், மரப்பு ஊசியே தேவைப்படவில்லை. நர்ஸ் இடது கையில் குத்தி ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள், பார்த்தாள், டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

"சர்க்கரை இருக்குன்னு எப்பத்துல இருந்து தெரியும்?" என்றார்.

"இப்பத்துல இருந்து."

"வீட்டுல வேற யாருக்காவது?"

அண்ணனைச் சொன்னேன். காலைப் பற்றிக் கேட்டார். அதையும் சொன்னேன். பாய் மூலையில் என் செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

டாக்டரம்மா மேஜை டிராயரிலிருந்து ஒரு குண்டூசி எடுத்தார். "கட்டைவிரலோட நின்னிருக்கான்னு பாத்துருவோம். கண்ணை மூடிக்கங்க. குத்துறது தெரியிறப்பல்லாம் ம்னு சொல்லணும்."

கண்ணை மூடி வலது கையை நீட்டினேன். ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் கேட்டார்கள். நான் ம் சொல்லத் தயாராக உதட்டைச் சேர்த்து வைத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஊசியைச் சுத்தம் பண்ணுகிறார் போல என்று நினைத்தேன்.

"நான் ரெடிங்க," என்றேன். "நீங்க ஆரம்பிக்கலாம்."

"நடுவிரலுக்கு வந்துட்டேங்க," என்றார் அவர்.