பாப்பா வரும் நாளுக்கான மாத்திரை

என் அக்காவை வேலை செய்த இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டலின் அடித்தளத்தில், ஆவி புழுங்கும் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், முதலாளியே வந்து நின்றாலும் மறுபடி விரித்துத் தேய்ப்பாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

அந்தப் புழுக்கத்தில் தலைவலி அவளோடு குடியேறிவிட்டது. முதலில் பாதி மாத்திரைக்கே அடங்கியது. பிறகு முழுசு, பிறகு இரண்டு. கடைசியில் எத்தனை போட்டாலும் அசைந்து கொடுக்கவில்லை.

“மருந்துக்கு நம்ம மூஞ்சி பழகிட்டா அதுவும் சொந்தக்காரன் மாதிரிதான். ஒரு உதவிக்கும் வராது” என்று சிரிப்பாள்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியபோது அந்த வேடிக்கைப் பேச்சு அவளுக்கு வேதவாக்காகிவிட்டது. மருத்துவமனையில் வீரியமான வலி மாத்திரை கொடுத்து, வேளை தவறாமல் போடச் சொன்னார்கள். தொடவே மாட்டேன் என்றாள். வெளியூரில் இருக்கும் மகளுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியை இவள் இன்னும் பார்க்கவில்லை.

“இப்பவே போட்டுப் பழக்கிட்டா, பாப்பா வர்ற அன்னிக்கு அது கேக்காதுடி. அன்னிக்கு நான் முனகாம உக்காந்து அவளை மடியில வாங்கணும்.”

“அதுவரைக்கும் இப்படித் துடிக்கணுமா? உனக்கென்ன பைத்தியமாக்கா?”

“நீ சும்மா இரு.”

துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து அறைக்குப் போய் அழுவேன்.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு நாளைக்கு வந்தாள். அன்று காலை நான் அடுப்படியில் இருந்தபோது அக்கா தானே தலைவாரி, இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டாள். மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கினோம், முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைத் திறப்பாள், எதுவும் புரியாமல் மூடிக்கொள்வாள்.

பயந்துபோய் நர்ஸை வரவழைத்தோம். மூச்சையும் நாடியையும் பார்த்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை என்றார்.

“தினமும் போட்டிருந்தா இந்தத் தூக்கம் சில நாள்லயே பழகிப் போயிருக்கும். வலி கேக்கலைன்னா அளவை ஏத்திக் கொடுத்திருப்பாங்க. இதை யாருமே உங்ககிட்ட சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை.

மகள் குழந்தையை அம்மாவின் கையணைப்பில் படுக்கவைத்தாள். அது கொஞ்ச நேரம் காலை உதைத்துவிட்டு வீறிட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மகள் கிளம்பினாள்.

பொழுது சாயும்போது அக்கா விழித்தாள். மெல்ல எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

“வலியே இல்லைடி. பாப்பாவைக் கொண்டா.”